இறக்கை வளையலாம், படபடக்கக் கூடாது!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சை இரண்டு அம்மாக்களிடமிருந்து தொடங்குகிறேன்.

முதல் அம்மாவை நான் சந்தித்தது விமானத்தில். பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அந்த அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை. மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் குலுங்கியது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அந்த றெக்கையப் பாரு. இப்படி ஆடுதே, ஒடைஞ்சிடாதா?" என்று கேட்டார். "அது அப்படித்தாம்மா ஆடும், பயப்படாதீங்க" என்றேன். "ஏன் ஆடணும்? இரும்பு மாதிரி அசையாம இருக்கக் கூடாதா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். கேமரா முன்னால் பேசத் தெரியும். கணக்கு என்றால் கொஞ்சம் தூரம்தான்!

இரண்டாவது அம்மாவைச் சந்தித்தது ஜோர்ஜ்டவுனில், ஒரு நிகழ்ச்சி ஒளிப்பதிவு முடிந்த பிறகு. அவருடைய மகன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிக்கிறான். "விமானம் செய்யப் படிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இவன் என்னடான்னா ராத்திரி முழுக்க லேப்டாப்பில் கலர் கலரா ஒரு றெக்கைப் படத்த ஆட்டி ஆட்டிப் பார்க்கிறான். இத நம்பி நாளைக்கு யாராவது விமானத்துல ஏறுவாங்களா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். இறக்கையை நம்பலாமா? அதைக் கணக்குப் போட்ட கணினியை நம்பலாமா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வளைவது பலவீனமா?

புயலில் தென்னை மரம் எப்படித் தப்பிக்கிறது? வளைந்து கொடுப்பதால்! விமான இறக்கையும் அப்படித்தான். பறக்கும்போது விமானத்தின் எடை முழுவதையும் தாங்குவது இறக்கைதான். காற்று அதைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. விமானத்தின் உடல் நடுவில் கீழே இழுக்கிறது. எனவே இறக்கையின் நுனி மேல்நோக்கி வளைகிறது. வளையவே வளையாத இறக்கை வேண்டுமென்றால் அதை அவ்வளவு தடிமனாகச் செய்ய வேண்டும். அப்புறம் அந்த எடையைத் தூக்கவே எரிபொருள் போதாது.

எவ்வளவு வளையலாம் என்பதைத் தரையிலேயே சோதித்துவிடுகிறார்கள். சேவைக் காலத்தில் ஓர் இறக்கை சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமையைக் கணக்கிட்டு, அதைப் போல ஒன்றரை மடங்கு சுமையை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. போயிங் 787 விமானத்தின் இறக்கைகளை 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்படிச் சோதித்தபோது, அவை சுமார் 7.6 மீட்டர் மேலே வளைந்தன. அதாவது ஏறக்குறைய இரண்டு மாடி உயரம்! ஆனாலும் ஒடியவில்லை.

ஆகவே, விமானத்தில் என் கையைப் பிடித்துக்கொண்ட அம்மாவுக்கு முதல் பதில் இது: மேகத்துக்குள் குலுங்கும்போது இறக்கை கொஞ்சம் ஆடி அடங்குவது நல்ல அறிகுறி. அது வாங்கிய அடியைத் தானே செரித்துக்கொள்கிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும் ஆட்டத்தில்தான். ஆங்கிலத்தில் இதை ஃப்ளட்டர் என்கிறார்கள். தமிழில் நமக்கு அழகான சொல் ஏற்கனவே இருக்கிறது: படபடப்பு.

மேசை விசிறியும் ஒரு துண்டுக் காகிதமும்

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு நீளமான காகிதத் துண்டை விரலில் பிடித்து, மேசை விசிறிக்கு முன்னால் காட்டுங்கள். விசிறியை ஒன்றாம் எண்ணில் வையுங்கள். காகிதம் மெல்ல எழுந்து காற்றோடு சாய்ந்து நிற்கும். மூன்றாம் எண்ணுக்குத் திருப்புங்கள். படபடவென்று சத்தம் போட்டுத் துடிக்கும்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். விசிறி ஒரே சீராகத்தான் வீசுகிறது. "நொடிக்கு இத்தனை முறை ஆடு" என்று அது காகிதத்துக்குக் கட்டளையிடவில்லை. ஆட்டத்தைக் காகிதமே தொடங்குகிறது. அதற்குத் தேவையான சக்தியைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது.

எப்படி எடுக்கிறது? ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே சிறு வயதில் கையை நீட்டி அப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உள்ளங்கையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும். கீழ்நோக்கிச் சாய்த்தால் கீழே தள்ளும். விமான இறக்கைக்கும் இரண்டு விதமான அசைவுகள் உண்டு. ஒன்று, மேலும் கீழும் வளைவது. மற்றொன்று, துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்வது. இறக்கை மேலே போகும் நேரத்தில் அதன் முன் விளிம்பும் மேல்நோக்கி முறுக்கினால், காற்று அதை இன்னும் மேலே தூக்கும். கீழே வரும்போது கீழ்நோக்கி முறுக்கினால், இன்னும் கீழே தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பதைப் போல, ஒவ்வோர் ஆட்டத்திலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைக் கொடுத்துவிடுகிறது.

தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். இரண்டு குழுக்கள் தள்ளித் தள்ளி நின்று வெவ்வேறு தாளத்தில் அடித்தால் எந்தக் குழப்பமும் இல்லை. நெருங்க நெருங்க ஒன்றின் தாளம் மற்றொன்றை இழுக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் கலந்துவிட்டால் கேட்பவர் கால் நிற்காது! இறக்கையின் வளைவுக்கு ஒரு தாளம், முறுக்கலுக்கு ஒரு தாளம். விமானத்தின் வேகம் கூடக்கூட இந்த இரண்டு தாளங்களும் நெருங்குகின்றன. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கலந்துவிடுகின்றன. அந்த வேகத்துக்குக் கீழே இருக்கும்வரை எந்த ஆட்டமும் தானாக அடங்கும். அதைத் தாண்டினால், சின்ன ஆட்டம்கூடச் சில நொடிகளில் இறக்கையைக் கிழித்துவிடலாம்.

பாலமும் பறக்கப் பார்த்த கதை

பினாங்குப் பாலத்தில் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் டக்கோமா பாலம். 1940ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி திறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் அது முறுக்கி முறுக்கி ஆடி, இடிந்து கடலில் விழுந்தது. புயலில்லை, பூகம்பமில்லை. இதைப் பள்ளியில் ஒத்ததிர்வு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் அதுவும் படபடப்புதான். காற்று தாளம் போடவில்லை. பாலம்தான் தன் முறுக்கலுக்குக் காற்றிலிருந்து சக்தியை எடுத்துக்கொண்டது.

டக்கோமா பாலத்தின் நடு இடைவெளி 853 மீட்டர். அகலமோ 12 மீட்டர்கூட இல்லை. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நம் முதல் பாலத்தின் கம்பிவடங்கள் தாங்கும் நடு இடைவெளி 225 மீட்டர். 2014இல் பத்து காவானிலிருந்து வந்த இரண்டாம் பாலத்தில் அது 240 மீட்டர். நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும் எதற்கும் இந்த நோய் வரலாம் என்ற பாடத்தை உலகம் டக்கோமாவில்தான் படித்தது. அதற்குப் பிறகு, பெரிய பாலங்களின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது.

97 உயிர்கள் கொடுத்த பாடம்

டக்கோமாவில் மனித உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் எலெக்ட்ரா விமானத்தின் கதை அப்படியல்ல.

லாக்ஹீட் நிறுவனத்தின் எலெக்ட்ரா, நான்கு உந்துவிசிறிகள் கொண்ட பயணிகள் விமானம். 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஓர் எலெக்ட்ரா நடுவானில் சிதறியது. அதிலிருந்த 34 பேரும் மாண்டனர். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1960 மார்ச் 17ஆம் தேதி இந்தியானா மாநிலத்தில் இன்னொரு எலெக்ட்ரா. 63 பேர் மாண்டனர். இரண்டிலும் இறக்கை பிய்ந்து போயிருந்தது. விமானமோ புத்தம் புதிய வகை!

காரணத்தைத் தேடிப் பொறியியலாளர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் மாதிரி விமானத்தைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டார்கள். விடை பம்பரத்தில் கிடைத்தது. சுற்றும் பம்பரத்தைத் தட்டினால் அது தலையை வட்டமாக ஆட்டும் அல்லவா? உந்துவிசிறியும் அப்படித்தான். இயந்திரத்தை இறக்கையோடு பிணைக்கும் தாங்கி உறுதியாக இருந்தால், அந்தத் தலையாட்டல் உடனே அடங்கிவிடும். தாங்கி தளர்ந்திருந்தால் தலையாட்டல் பெரிதாகும். பெரிதாகப் பெரிதாக அதன் வேகம் குறையும். குறைந்து குறைந்து, இறக்கை வளையும் அதே தாளத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், இரண்டு தாளங்களும் கலந்தன.

இந்தத் தலையாட்டலைப் பற்றி 1938ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார்கள் என்பதுதான் மனத்தைப் பிசையும் செய்தி. ஏட்டில் இருந்தது. ஆனால் அந்த விமானத்தைக் கணக்குப் போட்டபோது, தாங்கி தளர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை யாரும் போதிய அளவு கேட்கவில்லை. பிறகு தாங்கிகளையும் இறக்கையையும் வலுப்படுத்தினார்கள். அதே எலெக்ட்ராவிலிருந்து பிறந்த பி-3 ஓரியன் ரோந்து விமானம் பல நாடுகளில் பல்லாண்டுகள் பறந்தது. குறை, விமானத்தின் மீதல்ல. கேட்காமல் விட்ட கேள்வியின் மீது.

கணினிக்குள் ஒரு வானம்

இப்போது இரண்டாவது அம்மாவின் மகனுடைய லேப்டாப்புக்கு வருவோம். அந்தக் கலர் கலரான படத்தில் என்ன நடக்கிறது? இதைச் சிமுலேஷன் என்கிறார்கள். விமானத்தைச் செய்வதற்கு முன்பே கணினிக்குள் பறக்கவிட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று இறக்கையின் கணக்கு. இறக்கையை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எடை எவ்வளவு, விறைப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். இறக்கையின் இயல்பான தாளங்கள் இதிலிருந்து கிடைத்துவிடும். மற்றொன்று காற்றின் கணக்கு. இறக்கையைச் சுற்றியுள்ள காற்றைப் பல இலட்சம் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று கணக்கிடுகிறார்கள். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் அந்த அழுத்தம்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி! ஒருவர் செய்வது மற்றவரைப் பாதிக்கும். காற்று தள்ளினால் இறக்கை வளையும். இறக்கை வளைந்தால் காற்று ஓடும் பாதையே மாறிவிடும். பாதை மாறினால் தள்ளும் பலமும் மாறும். தனித்தனியாகக் கணக்குப் போட்டால் குடும்பம் நடக்காது. எனவே ஒரு நொடியை ஆயிரம் துண்டாக வெட்டியதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டிலும் காற்றின் கணக்கு இறக்கையிடம் "இவ்வளவு தள்ளினேன்" என்று சொல்கிறது. இறக்கையின் கணக்கு "இவ்வளவு நகர்ந்தேன்" என்று பதில் சொல்கிறது. மறுபடியும் காற்று, மறுபடியும் இறக்கை. இப்படிச் சில நொடிப் பறத்தலைக் கணக்கிட, பல கணினிகள் சேர்ந்து மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். மகன் இரவெல்லாம் விழித்திருப்பது இதற்காகத்தான்.

கடைசியில் அவன் என்ன பார்க்கிறான்? கணினிக்குள் இருக்கும் இறக்கையை மெல்லத் தட்டிவிடுகிறான். ஆட்டம் அடங்குகிறதா? நல்லது, வேகத்தைக் கூட்டு. மறுபடி தட்டு. அடங்க நேரமாகிறதா? கவனம். அடங்காமல் அப்படியே நீடிக்கிறதா? அதுதான் எல்லைக் கோடு! பயணிகள் விமானத்தின் வடிவமைப்பு உச்ச வேகத்தைவிட 15 சதவிகிதம் கூடுதலாகப் போனாலும் படபடப்பு வரக்கூடாது என்று விதி சொல்கிறது.

ஒரு முறை பார்த்தால் போதுமா? போதாது. எரிபொருள் இருப்பது இறக்கைக்குள். தொட்டி நிறைந்திருந்தால் ஒரு தாளம், பாதி தீர்ந்தால் வேறு தாளம். தாழ்வாகப் பறந்தால் அடர்ந்த காற்று, உயரத்தில் மெல்லிய காற்று. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் அதிர்ச்சி அலைகள் தோன்றி முன்னும் பின்னும் நகரும். படபடப்பு வரும் எல்லை அங்கே திடீரென்று கீழே இறங்கிவிடக்கூடும். இத்தனையையும் உண்மையான விமானத்தில் சோதிப்பது என்றால் எத்தனை விமானி உயிரைப் பணயம் வைப்பது? கணினியில் இறக்கை ஆயிரம் முறை ஒடிந்தாலும் யார் வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்காது.

கணினி சொன்னால் வேதவாக்கா?

இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும். கணினியும் தவறும். அது முட்டாள் என்பதால் அல்ல. நாம் சொன்னதை மட்டுமே நம்பும் என்பதால்.

நாசாவின் ஹீலியோஸ் என்ற ஆளில்லா விமானத்தின் இறக்கை 75 மீட்டர் நீளம். ஜம்போ ஜெட் இறக்கையைவிட நீளம்! சூரிய சக்தியில் பறந்து, 2001ஆம் ஆண்டு 29 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தைத் தொட்டுச் சாதனை செய்தது. பிறகு எரிபொருள் மின்கலத்துக்காக அதில் எடை ஏற்றும் இடங்களை மாற்றினார்கள். 2003 ஜூன் 26ஆம் தேதி ஹவாய்த் தீவுகளின் கடலோரத்தில் பறந்தபோது, காற்றுக் குலுக்கலில் அதன் நுனிகள் வழக்கத்தைவிட மிக உயரமாக வளைந்தன. அந்த வளைவிலேயே விமானம் மூக்கை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கி, ஆட்டம் வளர்ந்து, உடைந்து கடலில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. அந்த மாற்றத்தால் வரும் ஆபத்தைச் சரியாகக் கணிக்க அப்போதிருந்த கணக்கீட்டு முறைகள் போதவில்லை என்று விசாரணை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. காற்று, கட்டமைப்பு, கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, நொடிக்கு நொடி கணக்கிடும் முறைகள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அதனால்தான் கணினியோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. புதிய விமானம் முதன்முதலாகப் பறப்பதற்கு முன் அதைத் தரையில் நிறுத்தி, கருவிகளால் குலுக்கி, உண்மையான தாளம் கணினி சொன்ன தாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். போகாவிட்டால் கணக்கைத் திருத்துகிறார்கள். பிறகுதான் சோதனை விமானி வானத்தில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவார். புதிய மென்பொருள் எழுதுபவர்களுக்கும் ஒரு பரீட்சை உண்டு. 1960களின் தொடக்கத்தில் லாங்லி காற்றுச் சுரங்கத்தில் மஹோகனி மரத்தில் செய்த ஒரு சின்ன இறக்கையைப் படபடக்கவைத்து அளந்தார்கள். இன்றும் உலகெங்கும் மாணவர்கள் தங்கள் கணினிக் கணக்கை அந்த மர இறக்கையோடு ஒப்பிட்டுத்தான் சரி பார்க்கிறார்கள்.

பணிமனையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இதில் பங்குண்டு. 1997 செப்டம்பர் 14ஆம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் அருகே விமானக் கண்காட்சியில் ஓர் எப்-117 போர் விமானம் படபடப்பால் இறக்கையை இழந்து விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். காரணம்? இறக்கையின் உள்ளே ஓர் இணைப்பில் நான்கு ஆணிகள் விட்டுப்போயிருந்தன. விறைப்பு குறைந்தது, தாளம் மாறியது. கணினியில் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், முறுக்க வேண்டிய ஆணியை முறுக்கவில்லை என்றால் அது வேறு விமானம்!

அந்த இரண்டு அம்மாக்களுக்கு

விமானத்தில் என் கையைப் பிடித்த அம்மா, நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தால் என் பதில் இதுதான். அந்த இறக்கை ஆட வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். ஆடி அடங்கும்வரை கவலை வேண்டாம். அடங்காத வேகம் எது என்று கண்டுபிடித்து, உங்கள் விமானத்தை அதற்குள் போகவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

லேப்டாப் மகனின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. நம் பினாங்கு மாநிலத்திலேயே, நிபோங் தெபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் விமானப் பொறியியலுக்கென்று தனிப் பள்ளியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்துல் கலாம் படித்ததும் விமானப் பொறியியல்தான். உங்கள் மகன் விளையாடவில்லை அம்மா. எலெக்ட்ராவில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை, இரவு இரண்டு மணிக்கு ஒரு திரையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆனால் தம்பி, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் வரும் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடாதே. "இந்தத் தாங்கி தளர்ந்தால் என்ன ஆகும்? எடையை இடம் மாற்றினால் என்ன ஆகும்? ஆணி விட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இரு. உன் கணக்கை நம்பி அந்த ஜன்னலோர இருக்கையில் உட்காரப்போவது யாரோ ஒருவரின் அம்மா.